வீட்டு விறாந்தைக்குத் திரும்பி வாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மெதடிஸ்த சேகரங்களில் (பல சபைகள் சேர்ந்த பிரிவுகளில்) பணி செய்யும் போதகர்மாருக்கும், சேகரக் கூட்டங்களில் உட்காரும் அண்ணன்மார் அக்காமாருக்கும்,

ஸ்தோத்திரம்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நமது சபைகளில் வீட்டுக் கூட்டத்தை மறுபடி தொடங்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஒலிபெருக்கி கட்டி, வெளியூர்ப் பேச்சாளரைக் கூப்பிட்டு, முற்றத்தில் கதிரை போட்டு நடத்துகிற கூட்டத்தை நான் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்து உட்கார்ந்து, வேதத்தை வாசித்து, ஆளுக்கு ஆள் பேசி, பிறகு ஒருவரை ஒருவர் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டு, பதில் வரும் வரைக்கும் காத்திருக்கிற கூட்டத்தைச் சொல்கிறேன்.

1960களில் பெரியகல்லாற்றில் எங்கள் அம்மம்மா வீட்டில் வியாழக்கிழமை தோறும் பொழுது பட்டதும் அந்தக் கூட்டம் நடக்கும். பன்பாய்கள் மூன்று, நடுவில் ஒரு அரிக்கன் லாம்பு. அம்மம்மாவின் வேதாகமத்துக்குப் பழைய சீத்தைத் துணியில் உறை தைத்திருந்தது. அதைத் தொட்டால் தேங்காய் எண்ணெய் கையில் ஒட்டும். அம்மம்மா மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. விரலை வரிக்குக் கீழே வைத்து, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் அவர்தான் வகுப்புத் தலைவி, அதாவது அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர். வாசித்து முடிந்ததும் வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, “உங்கட சீவியம் எப்படிப் போகுது?” என்று கேட்பார். அப்புறம் பேசமாட்டார். வெளியில் கடல் இரையும். யாராவது ஒருவர் வாய் திறக்கும் வரை அந்த இரைச்சல் மட்டும்தான்.

ஒரு நாள் கரைவலைக்காரர் ஒருவர், வலைப் பங்கில் ஏற்பட்ட பிணக்கால் சொந்தத் தம்பியோடு ஒரு வருடமாகப் பேசவில்லை என்று சொன்னார். அவருக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. அம்மம்மா ஜெபம் பண்ணினார், வெறும் தேத்தண்ணியும் சீனியும் வந்தது, கலைந்து போனார்கள். அடுத்த வியாழன் அந்தத் தம்பி வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. திருச்சபை என்றால் இன்றைக்கும் என் மனதில் முதலில் வருவது அந்தப் பாய்தான்.

இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று ஆசிரியையாக இருந்த காலத்தில் தேடிப் படித்தேன். முப்பது வருடப் போர் முடிந்து ஜெர்மனி சிதைந்து கிடந்த காலம். கோவில்கள் திரும்பக் கட்டப்பட்டன, கோட்பாடுகள் திருத்தமாக இருந்தன, பிரசங்க மேடையில் மற்றச் சபைக்காரரை வெட்டி விழுத்துகிற வாதங்கள் நடந்தன. ஆனால் சனங்களின் வாழ்க்கையில் விசுவாசம் ஒட்டவில்லை. அப்போது பிராங்பர்ட் நகரில் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்ற லூத்தரன் போதகர், 1670இல், தன் வீட்டில் சிலரைக் கூட்டி வாசிக்கவும் பேசவும் தொடங்கினார். 1675இல் ‘பக்தியுள்ள விருப்பங்கள்’ என்று பொருள்படும் லத்தீன் தலைப்பில் ஒரு சிறு நூல் எழுதினார். வேதம் பிரசங்கத்தில் மட்டும் அடங்காமல் சனங்களின் கையில் புழங்க வேண்டும். ஆசாரியத்துவம் போதகருக்கு மட்டும் உரியதல்ல, விசுவாசிகள் எல்லாருக்கும் உரியது. கிறிஸ்தவம் அறிவில் அடங்காது, நடக்கையில் தெரிய வேண்டும். இப்படி ஆறு யோசனைகள் அதில் இருந்தன. அங்கே பிறந்ததுதான் பியட்டிசம் என்ற இறைப்பற்று இயக்கம். பியட்டிஸ்டுகள் என்பது பரிகாசமாகச் சூட்டிய பெயர். மெதடிஸ்ட் என்பதும் அப்படி வந்த பெயர்தான். வீட்டில் ஜெபிக்கிறவர்களை ‘அல்லேலூயாக்காரர்’ என்று நம்மில் சிலர் இன்றைக்குச் சிரிக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஸ்பேனரின் வழியில் வந்தவர் ஹாலே நகரின் ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே. 1695இல் தன் வீட்டில் வைத்திருந்த உண்டியலில் ஒரு நாள் நாலு தாலரும் பதினாறு குரோசனும் கிடந்தன. அதைக் கொண்டு புத்தகம் வாங்கி, ஒரு ஏழை மாணவரைச் சம்பளத்துக்குப் பிடித்து, தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கினார். அனாதை இல்லமும் பள்ளிகளும் மருந்துச்சாலையும் அச்சகமும் அதிலிருந்து வளர்ந்தன. 1727இல் அவர் இறந்தபோது அந்தப் பள்ளிகளில் 2000க்கு மேல் பிள்ளைகள் படித்தார்கள்.

அந்த ஹாலேயில் படித்த பர்த்தலோமேயு சீகன்பால்க் என்ற 23 வயது இளைஞன், புளுட்சோ என்ற சக ஊழியரோடு 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் குந்தி, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இவ்வளவும் நாம் ஞாயிறு பாடசாலையிலேயே கேட்ட கதை. நாம் சொல்லாமல் விடுகிற கதை ஒன்று இருக்கிறது. கடன் விவகாரம் ஒன்றில் ஒரு தமிழ் விதவைக்காக சீகன்பால்க் பேசப் போனார். தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதிக்கு அது பிடிக்கவில்லை. 1708இன் முடிவில் அவரைப் பிடித்து நாலு மாதம் சிறையில் போட்டார்கள். பக்தி இயக்கம் என்றால் கண்ணை மூடி முழங்காலில் நிற்பது மட்டும்தான் என்று சொல்கிறவர்களுக்கு இந்த நாலு மாதத்தை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். அந்த விதவையை ஞாபகத்தில் வைத்திருங்கள், அவளிடம் திரும்பி வருவேன்.

சின்செண்டார்ப் என்ற ஜெர்மன் பிரபுவின் கதை நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஸ்பேனர்தான் அவருடைய ஞானத்தகப்பன். மொராவியாவிலிருந்து விசுவாசத்துக்காக ஓடி வந்த அகதிகளுக்கு 1722இல் தன் காணியில் இடம் கொடுத்தார். ஹெர்ன்ஹூட் என்ற அந்தக் கிராமம் முதலில் சண்டையும் சச்சரவுமாகத்தான் இருந்தது. 1727 ஆகஸ்டில் அவர்கள் ஒப்புரவானார்கள். அதன் பின் நூறு வருடத்துக்கு மேல் முறை வைத்து இடைவிடாமல் ஜெபித்தார்கள். 1728இல் நாளுக்கு ஒரு வசனம் என்று தொடங்கினார்கள். காலையில் ஒருவர் அந்த வசனத்தை வாயில் ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போவார். வசனத்தைச் சொல்வார், அந்த வீட்டில் எல்லாரும் எப்படி என்று விசாரிப்பார்.

இன்றைக்கு விடிய நாலரைக்கே என் போனில் வசனம் வந்து விழுகிறது. பூவும் சூரியனும் போட்ட படம். ஆறு வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஆறு வசனம். வசனம் வருகிறது, ஆள் வருவதில்லை.

அந்த மொராவியர் 1740ஐ ஒட்டிய வருடங்களில் இலங்கைக்கும் வந்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சி அவர்களைத் தங்க விடவில்லை. ஆனால் வேறு வழியால் அவர்கள் நம்மிடம் வந்து சேர்ந்தார்கள். 1736 ஜனவரியில் அமெரிக்காவுக்குப் போன கப்பலில், பின்னாளில் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி புயலில் மாட்டினார். கப்பலின் பெரிய பாய்மரச் சீலை கிழிந்து, ஆங்கிலேயர் அலறினார்கள். அதே கப்பலில் இருந்த மொராவியரின் பெண்களும் பிள்ளைகளும் பாட்டை நிறுத்தவில்லை. அந்தக் காட்சி வெஸ்லியை விடவில்லை. (1978 நவம்பர் சூறாவளி இரவில் கூரை பறந்த வீட்டுக்குள் எங்கள் அம்மம்மா பாடியதைக் கேட்டவள் நான், வெஸ்லிக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்கு விளங்கும்.) 1738 மே 24இல் லண்டனில், பக்தி சங்கம் ஒன்றின் சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் மனம் மாறியது. அந்தக் கோடையிலேயே ஹெர்ன்ஹூட்டுக்குப் போய்ப் பார்த்தார்.

இனி நான் சொல்லப்போவதை, கட்டட நிதிக் குழுவில் இருக்கிறவர்கள் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்தருக்கு ஜெப வீடு கட்டிய கடன் நின்றது. ஃபோய் என்ற கப்பல் தலைவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் கடன் தீரும் என்றார். ஏழைகளால் அதுகூட ஏலாதே என்றார்கள். சரி, பரம ஏழைகள் பதினொரு பேரை என்னிடம் தாருங்கள், அவர்களால் ஏலாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே போடுகிறேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படிப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். பென்னி வாங்க வீட்டுக்குப் போனவர்கள், அந்த வீடுகளில் சனங்கள் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கண்டார்கள். வெஸ்லி தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். மெதடிஸ்த வகுப்புக் கூட்டம் அப்படிப் பிறந்தது. காசு சேர்க்கப் போய் மனிதரைக் கண்டுபிடித்த கதை அது.

1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குக் கொண்டுவந்ததும் இந்த வழக்கத்தைத்தான். வரும் வழியில் கப்பலில் மனைவியை இழந்தவர். தமிழ் படிக்கத் தொடங்கி, பள்ளிக்கூடங்கள் திறந்து, ஒரு வருடம் முடியும் முன்னரே, 1815 ஏப்ரலில், இங்கேயே இறந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை அந்த 1814இலிருந்துதான் எண்ணுகிறது. வாவிக்கரையில் அவர் சிலைக்கு நாம் மாலை போடுகிறோம். போடத்தான் வேண்டும். ஆனால் அவர் கொண்டுவந்த பாயை நாம் சுருட்டி வைத்துவிட்டோம்.

இப்போது எனக்குத் தெரிந்த விதவையின் கதை. எனக்குத் தங்கச்சி முறை. நமது சபைகளில் ஒன்றைச் சேர்ந்தவள். எந்தச் சபை என்பது வேண்டாம். 1990இல் புருஷனைப் பறிகொடுத்தவள். மூன்று பிள்ளைகளை இடியப்பம் அவித்து விற்று வளர்த்தாள். சின்னவளின் கலியாணத்துக்கு ஒரு நுண்கடன் எடுத்து, அதைக் கட்ட இன்னொன்று எடுத்து, அதைக் கட்ட மூன்றாவதும் எடுத்தாள். கோவிலுக்கு வருவது நின்றது. ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் சபை அவளை நினைத்தது ஒரே ஒரு தடவைதான்: அறிவித்தல் பலகையில் சந்தா நிலுவைக்காரரின் பெயர்ப்பட்டியல் ஒட்டியபோது. மேலிருந்து நாலாவது பெயர் அவளுடையது.

நானும் போகவில்லை. வீடு அரைக் கட்டைத் தூரம். அந்தப் பட்டியலில் பெயரைக் கண்ட பிறகுதான் போனேன். படலையில் நின்று கூப்பிட்டேன், கதவு திறக்கவில்லை. நான் கடன்காரன் என்று நினைத்து உள்ளே பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். பேரப்பிள்ளை. என் குரல் என்று தெரிந்த பிறகு திறந்தாள். அடுப்பங்கரையில் இடியப்பத் தட்டுகள் கழுவிக் கவிழ்த்து, தூசி பிடித்துக் கிடந்தன.

அவள் சொன்ன ஒரு விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. கடன் கொடுத்தவர்கள் பெண்களை ஐந்து பேர், பத்துப் பேராகக் குழு சேர்க்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு வீட்டில் பாயில் உட்கார வைக்கிறார்கள். பெயர் கூப்பிடுகிறார்கள். ஒருத்தி வராவிட்டால் அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போகிறார்கள். யோசித்துப் பாருங்கள், ஐயாமாரே. சிறு குழு, கிழமைக்கு ஒரு நாள், பெயர் சொல்லி விசாரிப்பு, வராதவரைத் தேடிப் போவது. இது நம்முடைய முறை. பிரிஸ்டலில் ஏழைகளைத் தாங்கப் பிறந்த முறை. நாம் கைவிட்ட பாயில் வட்டிக்காரன் உட்கார்ந்திருக்கிறான்.

ஏன் கைவிட்டோம் என்பது எனக்குத் தெரியாததல்ல. எண்பதுகளில் பொழுது பட்டால் படலை பூட்டு. ஊரடங்கு, சுற்றிவளைப்பு. பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடினால் ஏன் கூடினீர்கள் என்று இரண்டு பக்கத்தாரும் கேட்ட காலம். வியாழக்கிழமைக் கூட்டம் அப்படித்தான் நின்றது. அதில் யாருக்கும் குற்றமில்லை. பிறகு 2004இல் கடல் வந்தது. அதன் பின் நிறுவனங்கள் வந்தன, திட்டங்கள் வந்தன, புதுக் கட்டடங்களுக்கு அடிக்கல் வந்தது. சண்டை ஓய்ந்து இத்தனை வருடமாகியும் பாயை மட்டும் யாரும் திரும்ப விரிக்கவில்லை.

நமது பிள்ளைகள் பெந்தெகொஸ்தே சபைகளின் வீட்டுக் கூட்டங்களுக்குப் போகிறார்கள் என்று சேகரங்களில் மனவருத்தம் இருக்கிறது. நாம் விட்டதை அவர்கள் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதைத் தேடிப் போகிறார்கள், அவ்வளவுதான். மாற்றுக் கருத்துக்காரரோடு வாதாடி வெல்வதைவிட அவர்களுக்காக ஜெபிப்பதும், நல்ல நடக்கையைக் காட்டுவதும், அன்பு வைப்பதும் மேல் என்று ஸ்பேனர் தன் ஆறு யோசனைகளில் ஒன்றாகவே எழுதினார். 2019 உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சீயோன் சபையில் நடந்த குண்டுத் தாக்குதலை எழுத என் கை ஓடவில்லை. ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் எந்தச் சபைப் பிள்ளைகள் என்று இந்த ஊரில் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு ஞாயிறு ஆராதனைகள் நின்ற வாரங்களிலும், அடுத்த வருடம் கொரோனா ஊரடங்கிலும், வீட்டுக்குள் குடும்பமாக ஜெபிக்கத்தானே நாம் எல்லாரும் திரும்பினோம்? கோவில் திறந்ததும் ஏன் அதை நிறுத்தினோம்?

இந்த இயக்கத்தில் பிழை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிராங்கே தன் மனமாற்றப் போராட்டத்தை எழுதி வைத்தார். பிற்காலத்தில் பலர் அதையே அளவுகோலாக்கி, நீ எந்தத் திகதியில் இரட்சிக்கப்பட்டாய் என்று மற்றவரை விசாரணை செய்தார்கள். ஹாலே பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் வொல்ஃப் என்ற தத்துவ அறிஞரை பக்தர்கள் அரசனிடம் முறையிட்டு 1723இல் துரத்தினார்கள். இது பக்தியின் பெயரால் நடந்த அநியாயம். லண்டனில் மொராவியரோடு சேர்ந்திருந்த சிலர், பூரண விசுவாசம் வரும் வரை திருவிருந்துக்கும் போகாமல் சும்மா அமர்ந்திருங்கள் என்று போதித்தபோது, 1740இல் வெஸ்லி அவர்களை விட்டு வெளியேறினார். நமது கூட்டங்களிலும் குறை இருந்தது. ஒருத்தி பாயில் அழுது சொன்னது மறுநாள் கிணற்றடியில் பேச்சாக இருந்ததை நானே கேட்டிருக்கிறேன். அம்மம்மா அடுத்த கிழமை வேதம் வாசிக்காமல், அதைப் பேசியவரை எழுப்பி, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அப்படிக் கண்டிப்பான ஒருவர் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வாரத்தில் ஒரு மாலை வேறு எந்தக் குழுக் கூட்டமும் வைக்காமல் சபைகளை விட்டுவிடுங்கள். போதகர் ஐயாமார் மாதத்தில் ஒரு தடவையாவது ஏதாவது ஒரு வீட்டுக்கு வாருங்கள். பிரசங்கம் பண்ண வேண்டாம், அங்கியும் வேண்டாம், பாயில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் சீவியம் எப்படிப் போகுது என்று உங்களையும் யாராவது கேட்கட்டும். எனக்குத் தெரிந்த போதகர்மாரில் சிலர் அந்தக் கேள்விக்காக ஏங்கிப்போய் இருக்கிறார்கள்.

தலைமையைப் பெண்களிடம் கொடுங்கள். எங்கள் கிராமங்களில் போரும் கடலும் விட்டுவைத்த வீடுகளைத் தூக்கி நிறுத்தியது அவர்கள். படித்தவராக இருக்க வேண்டும் என்றில்லை, நாக்கை அடக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு சின்ன உண்டியல் வையுங்கள். பிராங்கேயின் உண்டியல் போல. அதில் விழுவது சேகரக் கணக்குக்குப் போக வேண்டாம். அந்த ஒழுங்கையில் ஒருத்தியின் தவணைக்கோ, ஒரு பிள்ளையின் சப்பாத்துக்கோ, பஸ் காசுக்கோ அங்கேயே செலவாகட்டும். கடன் ஒப்பந்தத்தை வாசித்துப் பார்த்து, அவளோடு கூடப் போய்ப் பேசத் தெரிந்தவர்கள் நமது சபைகளிலேயே இருக்கிறார்கள்: வங்கியில் வேலை செய்தவர்கள், சட்டம் படித்தவர்கள். சீகன்பால்க் நாலு மாதம் உள்ளே இருந்தார். நமக்கு ஒரு பின்னேரம் போதும்.

பக்கத்து வீட்டு இந்துச் சகோதரியோ, முஸ்லிம் சகோதரியோ தன் கவலையைச் சொல்ல வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். தேத்தண்ணி கொடுப்போம், கேட்போம். அவரை எண்ணிக்கையில் சேர்த்து யாருக்கும் அறிக்கை எழுத வேண்டாம். ஒலிபெருக்கி எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். கோவில் மணிக்கும் பள்ளிவாசல் பாங்குக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. அந்த நிலுவைப் பட்டியலை அறிவித்தல் பலகையிலிருந்து கழற்றி விடுங்கள். சந்தா கட்டாதவர்களின் பெயர்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து, வீட்டுக் கூட்டத் தலைவிமாரின் கையில் கொடுங்கள். அவர்கள் காசு கேட்கப் போக வேண்டாம்.

வருகிற சேகரக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கட்டட நிதிக்கு முன்னால் இதை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். அதுவரை நான் காத்திருக்கவில்லை. மூன்று வியாழக்கிழமைகளாக எங்கள் விறாந்தையில் பாய் விரிக்கிறேன். முதல் கிழமை நாங்கள் நாலு பேர். போன கிழமை ஒன்பது பேர், அந்தத் தங்கச்சியும் அவள் பேரப்பிள்ளையும் உட்பட. அவள் இன்னும் வாய் திறக்கவில்லை, நாங்களும் அவசரப்படவில்லை. மாலை ஆறரைக்குத் தொடங்குவோம். மழை பெய்தால் ஒழுங்கையில் கணுக்கால் அளவு தண்ணி நிற்கும், அதனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
பெரியகல்லாற்றிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை